எதைவிட வேகம்?

2025 பிப்ரவரியில் பைத்தான் மொழியைப் பராமரிப்பவர்களிடமிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. பைத்தானின் இன்டர்பிரட்டரை உள்ளே வேறு விதமாகக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள், வரவிருக்கும் 3.14 பதிப்பில் அப்படிக் கட்டிக்கொண்டால் நிரல்கள் சராசரியாக 9 முதல் 15 சதவீதம் வேகமாக ஓடும். மொழியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. யாரும் தங்கள் நிரலைத் திருத்த வேண்டியதில்லை. 1 சதவீத வேகத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் தொழில் அது. அங்கே 15 சதவீதம் சும்மா கிடைக்கிறது என்றால் தீபாவளி போனஸ் மாதிரி.

மார்ச் மாதம் அந்த எண் கரைந்தது. நெல்சன் எல்ஹேஜ் என்ற மென்பொருள் பொறியாளர் இன்டர்பிரட்டரை வெவ்வேறு கம்பைலர்களைக் கொண்டு, அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்களைக் கொண்டு, கட்டி அதே சோதனைகளை ஓட்டிப் பார்த்தார். 9 முதல் 15 என்று சொன்ன இடத்தில் 1 முதல் 5 சதவீதம்தான் தேறியது. யாரும் பொய் சொல்லவில்லை. கடிகாரமும் சரி, கணக்கும் சரி. புதிய இன்டர்பிரட்டர் அன்றும் இன்றும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பழையதுதான், அளந்த அன்று, தன் வழக்கமான வேகத்தில் ஓடவில்லை. காலில் முள் குத்தியவனோடு பந்தயம் ஓடி ஜெயித்த கதை.

அந்த முள் எங்கிருந்து வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், இப்படி இன்னும் எத்தனை முட்கள் பாதையில் கிடக்கின்றன என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். காய்கறிக் கடைத் தராசை ஒருமுறையாவது சந்தேகத்தோடு பார்த்தவர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் இன்டர்பிரட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாம் எழுதும் நிரலைப் பைத்தான் முதலில் பைட்கோடு எனப்படும் சின்னச் சின்னக் கட்டளைகளாக உடைத்துக்கொள்கிறது: இந்த மதிப்பை எடு, அதை எடு, இரண்டையும் கூட்டு, விடையை அங்கே வை. பிறகு இந்தக் கட்டளைகளை வரிசையாகப் படித்து ஒவ்வொன்றுக்கும் உரிய வேலையைச் செய்கிறது. வேலை பெரும்பாலும் அற்பமானது. ஒன்று முடிந்ததும் அடுத்தது என்ன என்று பார்த்து, அதற்கான இடத்துக்குத் தாவுவதுதான் செலவு பிடிக்கிற காரியம்.

இந்தத் தாவலை அமைக்க இரண்டு வழிகள் நெடுநாளாக உண்டு. ஒரு தாலுகா அலுவலகத்தை நினைத்துக்கொள்ளலாம். முதல் வழியில், ஒவ்வொரு மேசையிலும் வேலை முடிந்ததும் மனுவோடு வாசலில் இருக்கும் டோக்கன் மேசைக்குத் திரும்பி வர வேண்டும். அடுத்து எங்கே போவது என்று அங்கேதான் சொல்வார்கள். பைத்தானின் இன்டர்பிரட்டர் எழுதப்பட்டிருக்கும் சி மொழியின் சுவிட்ச் அப்படிப்பட்டது. இரண்டாவது வழியில், அந்தந்த மேசைக்காரரே மனுவைப் பார்த்து, ‘அடுத்து அந்த மேசைக்குப் போங்க’ என்று கைகாட்டிவிடுவார். இதற்குத் திரெடட் கோட் என்று பெயர். ஜேம்ஸ் பெல் இதைப் பற்றி 1973-லேயே கட்டுரை எழுதியிருக்கிறார். சி மொழியில் இதைச் செய்ய கம்ப்யூட்டட் கோட்டூ என்ற வசதியைச் சில கம்பைலர்கள் தருகின்றன.

வாசலுக்கு நடக்கும் தூரம் மிச்சமாவது சின்ன லாபம். பெரிய லாபம் பிராசசரின் ஊகத்தில் இருந்தது.

இன்றைய பிராசசர் ஒரு வேலை முடியட்டும் என்று கை கட்டிக் காத்திருப்பதில்லை. தாவல் எங்கே போகும் என்று ஊகித்து அங்கே இருக்கும் வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடும். தெருமுனையில் ஆளின் தலை தெரிந்ததுமே, ஸ்ட்ராங்காகச் சர்க்கரை கம்மியாக ஒரு டீயை ஆற்றத் தொடங்கும் மாஸ்டரைப் போல. ஊகம் பலித்தால் நேரம் மிச்சம். பலிக்காவிட்டால் ஆற்றிய டீயைக் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். சிப்பில் அப்படி ஒரு கொட்டலுக்குப் பதினைந்து, இருபது கடிகாரச் சுழற்சிகள் வீணாகும். பழைய சிப்கள் ஊகித்த விதம் எளிமையானது. இந்த இடத்திலிருந்து போன தடவை எங்கே தாவினார்கள்? இந்தத் தடவையும் அங்கேதான். டோக்கன் மேசை முறையில் எல்லாத் தாவலும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் இந்த ஊகம் பெரும்பாலும் தப்பும். மேசைக்கு மேசை தனித் தாவல் இருந்தால் ஒரு ஒழுங்கு தெரியும்: ஒப்பிடும் கட்டளைக்குப் பின்னால் பெரும்பாலும் ‘ஆம் என்றால் அங்கே போ’ வரும். வியன்னாவின் ஆன்டன் எர்ட்லும் டப்ளினின் டேவிட் கிரெக்கும் 2003 வாக்கில் இதை அளந்து காட்டினார்கள். தப்பிய ஊகங்களே இன்டர்பிரட்டரின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்கின்றன என்பது அவர்கள் கண்டது.

2009-இல் பைத்தான் 3.1 இந்த முறையை விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வசதியாகச் சேர்த்தது. சேர்த்த கையோடு மூலநிரலில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார்கள்: சுவிட்ச் முறையைவிட இது 15 முதல் 20 சதவீதம் வரை வேகம், கம்பைலரையும் சிப்பையும் பொறுத்து. குறிப்பில் இருந்த ‘வரை’யும் ‘பொறுத்து’வும் காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. ‘கம்ப்யூட்டட் கோட்டூ போட்டால் 20 சதவீதம் வேகம்’ என்பது மட்டும் வாய்வழியாக நிலைத்தது.

2015-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்திலிருந்து ரோஹூ, சுவாமி, செஸ்னெக் மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். செவிவழிக் கதையை நம்பாதீர்கள் என்ற அறிவுரை தலைப்பிலேயே இருந்தது. இன்டெலின் நெஹேலம், சாண்டி பிரிட்ஜ், ஹாஸ்வெல் என்று மூன்று தலைமுறைச் சிப்களில் ஒரே இன்டர்பிரட்டர்களை ஓட்டிப் பார்த்தார்கள். தலைமுறை ஏற ஏற ஊகப் பிழை சரிந்துகொண்டே வந்தது. ஹாஸ்வெலில் அது ஒரு பொருட்டாகவே இல்லை. காரணம், ‘போன தடவை எங்கே’ என்பதோடு நிற்காமல் வந்த வழி முழுவதையும் நினைவில் வைத்து ஊகிக்கச் சிப்கள் கற்றுக்கொண்டதுதான். டீக்கடை மாஸ்டர் இப்போது ஆளை மட்டும் பார்ப்பதில்லை. என்ன கிழமை, மழையா வெயிலா, முன்னால் வந்தவர் யார் என்பதையும் பார்க்கிறார். அப்படிப்பட்டவருக்கு டோக்கன் மேசை ஒரு தடையே அல்ல. மென்பொருள்காரர்கள் வியர்வை சிந்தி ஈட்டிய லாபத்தை வன்பொருள்காரர்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறது. இந்த மாதிரி உத்திகளின் மேல் யாரும் அச்சடிப்பதில்லை.

இந்தப் பின்னணியோடு 2025-க்குத் திரும்பலாம்.

புதிய முறையின் பெயர் டெயில் கால். மேசைகள் எல்லாம் ஒரே பெரிய அறையில் இல்லாமல், ஒவ்வொரு கட்டளையும் தனித்தனிச் சின்ன ஃபங்ஷனாகிவிடும். தன் வேலை முடிந்ததும் அடுத்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வரும் பேச்சே இல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும். இதற்கு நியாயமான காரணம் உண்டு. இன்டர்பிரட்டரின் மையச் சுழற்சி ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒற்றை ஃபங்ஷன். அவ்வளவு பெரியதைக் கொடுத்தால் கம்பைலர்கள் திணறும். எந்த மதிப்பைச் சிப்புக்குள் கைக்கெட்டும் இடமான எந்த ரெஜிஸ்டரில் வைப்பது என்பதில் சொதப்பும். லுவா மொழிக்கு லுவாஜிட்டை எழுதிய மைக் பால் இந்தத் தொல்லை தாங்காமல்தான் தன் இன்டர்பிரட்டரை அசெம்பிளியில் கையால் எழுதினார். சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரித்துக் கொடுத்தால் கம்பைலர் ஒழுங்காக வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு. இதற்குக் கம்பைலரிடமிருந்து இரண்டு உத்தரவாதங்கள் வேண்டும்: அழைப்பு உண்மையில் தாவலாகவே மாறும் என்பது ஒன்று, அழைக்கும்போது ரெஜிஸ்டர்களைப் பத்திரப்படுத்தும் சடங்கு இருக்காது என்பது மற்றொன்று. பைத்தானுக்குத் தேவையான இரண்டும் சேர்ந்து கிடைத்தது கிளாங் என்ற கம்பைலரின் 19-ஆம் பதிப்பில்.

ஆகவே, புதிய இன்டர்பிரட்டரைக் கிளாங் 19-இல் கட்டினார்கள். ஒப்பிட வேண்டிய பழையதையும் அதே கிளாங் 19-இல் கட்டினார்கள். இதைவிட நியாயமான ஒப்பீடு வேறு என்ன இருக்க முடியும்? ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்றுதானே பள்ளி ஆய்வகத்திலும் சொல்லித் தருகிறார்கள். அந்த ‘அப்படியே’யில்தான் முள் இருந்தது.

கம்பைலரின் பக்கத்திலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டட் கோட்டூ பெரிய தலைவலி. 200 கட்டளைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், 200 மேசைகளில் எதிலிருந்தும் 200 மேசைகளில் எதற்கும் போகலாம். வரைபடத்தில் 40,000 அம்புகள். ஒவ்வொரு அம்பையும் பின்தொடர்ந்து ஆராய்ந்தால் கம்பைல் செய்யும் நேரம் எகிறிவிடும். அதனால் கம்பைலர்கள் ஒரு தந்திரம் செய்கின்றன. எல்லாத் தாவல்களையும் தற்காலிகமாக ஒரே இடத்தில் குவித்துவிடும். உள்ளே 200 அம்பு, வெளியே 200 அம்பு, மொத்தம் 400. ஆராய்ச்சியெல்லாம் முடிந்த பிறகு, கடைசிக் கட்டத்தில், குவித்ததை மறுபடி பிரித்து மேசைக்கு மேசை வைத்துவிடும். நிரல் எழுதியவருக்கு நடுவில் நடந்த கூத்து தெரியவே தெரியாது.

கிளாங்கின் அடித்தளமான எல்எல்விஎம்மின் 19-ஆம் பதிப்பில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ஒரு வரம்பு போட்டார்கள். சில நிரல்களில் இப்படிப் பிரித்து வைப்பதே கம்பைல் நேரத்தை வீங்கச் செய்தது. அதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் பைத்தானின் சுழற்சி அந்த வரம்பைத் தாண்டிய அளவு. குவித்தது குவித்தபடியே நின்றது. 2009-இல் ஓரங்கட்டத் தொடங்கிய டோக்கன் மேசை, 2024-இல் ஒரு கம்பைலர் பதிப்பின் வழியாக, மூலநிரலில் ஒரு வரியும் மாறாமல், வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது.

எல்ஹேஜ் இதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. சந்தேகத்தில் தொடங்கவில்லை, எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாததில் தொடங்கினார். ஒரே பைத்தானைக் கிளாங் 18, கிளாங் 19, ஜிசிசி என்று பல கம்பைலர்களில் கட்டி, இன்டெல் மேசைக் கணினியிலும் ஆப்பிள் எம்1 மடிக்கணினியிலும் ஓட்டினார். பழைய இன்டர்பிரட்டரைக் கிளாங் 19-இல் கட்டினால், கிளாங் 18-இல் கட்டியதைவிடச் சுமார் 10 சதவீதம் மெதுவாக இருந்தது. பிறகு இயந்திரக் கட்டளைகளைப் பிரித்துப் பார்த்தார். 18-இல் நூற்றுக்கணக்கில் இருந்த தாவல்கள் 19-இல் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியிருந்தன. வரம்பை ஒரு கம்பைலர் தெரிவால் தளர்த்திக் கட்டியதும் வேகம் திரும்பி வந்தது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். டோக்கன் மேசை இன்றைய சிப்களுக்குத் தடையே அல்ல என்று 2015-இல் காட்டினார்களே, பிறகு ஏன் 10 சதவீத இழப்பு? தாவலை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதுதான் பதில். எல்லா வழிகளும் ஒரு புள்ளியில் வந்து சேர வேண்டும் என்றால், ரெஜிஸ்டர்களும் அந்தப் புள்ளியில் ஒரே ஒழுங்கில் வந்து நிற்க வேண்டும். அதற்கான நகர்த்தல்கள் வேறு. கம்பைலர் செய்யும் ஒரு மாற்றம் பத்து இடங்களில் எதிரொலிக்கும். ‘ஊகப் பிழை குறைந்தது, அதனால் வேகம்’ என்று ஒரே வரியில் காரணம் சொல்கிறவரைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பது நல்லது.

புதிய இன்டர்பிரட்டரை எழுதிய கென் ஜின் மார்ச் மாதமே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில் 9–15 என்பதை 3–5 என்று திருத்தினார்கள். எதோடு ஒப்பிட்டது, ஏன் திருத்தியது என்பதையும் சேர்த்தார்கள். எல்எல்விஎம்மிலும் வரம்பு சரிசெய்யப்பட்டது. விற்பனைத் துண்டறிக்கையில் போட்ட எண்ணைத் திரும்பப் பெறுவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பதில்லை. அந்த மன்னிப்பை ஒரு பொறியியல் சாதனையாகவே எண்ணலாம்.

கம்பைலர் பதிப்பு கண்ணுக்குத் தெரிகிற முள். தெரியாதவை நிறைய.

2009-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மிட்கோவிச், திவான், அவர்களோடு ஹவுஸ்விர்த், ஸ்வீனி ஆகியோர் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். வெளிப்படையாக எந்தத் தப்பும் செய்யாமலே தப்பான தரவை உண்டாக்குவது எப்படி என்பது அதன் தலைப்பின் சாரம். கம்பைலரில் ஓ2, ஓ3 என்று இரண்டு மேம்பாட்டு நிலைகள் உண்டு. ஓ3 கூடுதல் சிரத்தை எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் பலன் தருகிறதா என்று அளந்தார்கள். பதில் ஆம், இல்லை என்று மாறி மாறி வந்தது. எதனால்? என்விரான்மென்ட் வேரியபிள்கள் எவ்வளவு நீளம் என்பதனால். கோப்புகளை எந்த வரிசையில் கோத்தார்கள் என்பதனால்.

கேட்பதற்கு மந்திரம் மாதிரி இருந்தாலும் காரணம் சாதாரணமானது. நிரல் தொடங்கும்போது, பயனர் பெயர், வீட்டு அடைவு போன்ற விவரங்களைத் தாங்கிய அந்த வேரியபிள்கள் நினைவகத்தில் ஸ்டாக் என்ற பகுதியின் உச்சியில் முதலில் எழுதப்படும். நிரலின் சொந்த மாறிகள் அவற்றுக்குக் கீழே உட்காரும். பெயர் சில எழுத்துகள் நீண்டால் கீழே உள்ளவை எல்லாம் சற்று நகரும். அடிக்கடி தொடப்படும் ஒரு மதிப்பு, சிப்பின் அண்மை நினைவகமான கேஷின் ஒரே வரிக்குள் அடங்கியிருந்தது போய் இரண்டு வரிகளில் பிளந்து கிடக்கலாம். இனிஷியலோடு நிறுத்திக்கொண்டவரின் கணினியும், தகப்பனார் பெயரையும் சேர்த்து முழுசாக யூசர்நேம் வைத்தவரின் கணினியும் ஒரே நிரலை வெவ்வேறு வேகத்தில் ஓட்டக்கூடும். நியூமராலஜிக்காரர்கள் காதில் இது விழாமல் இருக்க வேண்டும். அந்தக் குழு அக்காலத்து முக்கிய மாநாடுகளில் வந்த 133 கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்தது. இந்தச் சாய்வைப் போதுமான அளவு கணக்கில் எடுத்துக்கொண்ட கட்டுரை ஒன்றுகூட இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி கர்ட்சிங்கரும் எமெரி பெர்கரும் ஸ்டெபிலைசர் என்ற கருவியைச் செய்தார்கள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோடு, ஸ்டாக், ஹீப் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி மறுபடி மறுபடி குலைத்து அடுக்கும். அடுக்கின் அதிர்ஷ்டம் இப்படிச் சராசரியாகிவிடும். குலைத்த பிறகு ஓ3-ஐ ஓ2-வோடு ஒப்பிட்டார்கள். எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், வித்தியாசத்தைத் தற்செயல் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. கம்பைலர் வல்லுநர்கள் பல்லாண்டு உழைத்ததன் விளைவு பயனர் பெயரின் நீளத்தோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்று அறிந்தபோது அவர்கள் மனம் எப்படி இருந்திருக்கும்!

பைத்தான் உலகில் இந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியவர் விக்டர் ஸ்டின்னர். 2016-இல் அவர் ஒரே பைத்தானை மறுபடி மறுபடி அளந்தார், எண்கள் நிலைகொள்ளவில்லை. ஒருமுறை, எப்போதுமே ஓடாத ஒரு துண்டு நிரலைச் சேர்த்ததற்கே வேகம் மாறியது. ஓடாத வரிக்குச் செலவு கிடையாது. ஆனால் அது இடத்தை அடைத்துக்கொண்டு, பின்னால் வரும் வரிகளைத் தள்ளி உட்கார வைக்கிறது. சினிமா கொட்டகையில் டிக்கெட் வாங்கிவிட்டு வராதவர் மாதிரி. மேலும், பைத்தான் பாதுகாப்புக்காக ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஹாஷ் மதிப்புகளை வேறு விதமாகக் கலைத்துக்கொள்கிறது. நினைவக முகவரிகளை இயங்குதளம் கலைக்கிறது. ஒரே ஓட்டத்தில் ஆயிரம் தடவை அளந்தாலும் ஒரே ஒரு அடுக்கின் ஜாதகம்தான் கிடைக்கும். அதனால் அவர் உருவாக்கிய பைபெர்ஃப் கருவி, ஒரு சோதனையை இயல்பாகவே 20 தனித்தனி ஓட்டங்களில் நடத்துகிறது. சிப் தானே வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ பூஸ்டை அணைப்பது, மற்ற வேலைகளிலிருந்து விலக்கி வைத்த கோரில் சோதனையை ஓட்டுவது போன்ற ஆயத்தங்களையும் அது செய்து தரும்.

அளந்தவற்றில் எதை விடையாகச் சொல்வது என்பதிலும் சண்டை உண்டு. மிகக் குறைந்த நேரத்தை எடுத்துக்கொள், மற்றதெல்லாம் வெளித் தொந்தரவு என்பது ஒரு கட்சி. பைத்தானோடு வரும் நேரம் அளக்கும் கருவியான டைம்இட்டின் ஆவணம் அந்தப் பக்கம். சராசரிதான் உண்மை என்பது ஸ்டின்னரின் கட்சி. அடுக்கின் அதிர்ஷ்டம் நிரலோடு பிறந்தது, வெளியிலிருந்து வந்த தூசி அல்ல என்று ஒப்புக்கொண்டால் அவர் பக்கம் சாய்வதே நியாயமாகப் படுகிறது.

சிப் தயாரிப்பாளர்களும் தங்கள் பங்குக்கு அவ்வப்போது தராசை அசைப்பார்கள். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானதும், தாவல் ஊகத்தையே ஆயுதமாக்கலாம் என்று தெரிந்தது. அதைத் தடுக்க வந்த ரெட்போலின் போன்ற ஏற்பாடுகள், இன்டர்பிரட்டர்கள் நம்பியிருந்த அதே வகைத் தாவல்களின் ஊகத்தை முடக்கின. 2019 நவம்பரில் இன்டெல், ஸ்கைலேக் வகைச் சிப்களில் ஒரு பிழைக்கு மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. 32 பைட் எல்லையில் ஒரு தாவல் கட்டளை விழுந்தால் அது ஒரு முக்கியமான கேஷில் தங்காது என்பது அதன் விளைவு. பெரும்பாலான நிரல்களில் பாதிப்பு 4 சதவீதத்துக்குள் என்றது நிறுவனம். அதாவது, நேற்று வாங்கிய கணினியில் நேற்று எடுத்த அளவு, இரவில் வந்த ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பழங்கதை. 4 சதவீதம் சிறிதாகத் தெரியலாம். டெயில் காலின் திருத்தப்பட்ட மொத்த லாபமே 3 முதல் 5 என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஓடும்போதே நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிட் வகை மொழிகளில் சங்கடம் இன்னொரு மாதிரி. ஆரம்பத்தில் மெதுவாக இருக்கும், சூடானதும் உச்ச வேகத்தைப் பிடித்து அங்கேயே நிற்கும் என்பது பாடப்புத்தகச் சித்திரம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் பாரெட், போல்ஸ், மவுண்ட், டிராட், அவர்களோடு கில்லிக் ஆகியோர் அதைச் சோதிக்கப் புகுந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட சிரத்தை கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கணினியை ரீபூட் செய்தார்கள்; சிப்பின் சூடு பழைய நிலைக்கு இறங்கும்வரை காத்திருந்தார்கள். 2017-இல் வெளியான முடிவு பாடப்புத்தகத்துக்கு விரோதம். சில நிரல்கள் ஓட ஓட மெதுவாயின. சில மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருந்தன. ஒழுங்காகச் சூடேறி உச்சத்தில் நின்றவை பாதிக்கும் குறைவு. ‘முதல் பத்துச் சுற்றுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடு’ என்ற வழக்கம் எத்தனை கட்டுரைகளில் என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் வயிற்றைக் கலக்கும்.

இதுவரை பேசியது அறியாமல் நேரும் பிழைகள். தெரிந்தே செய்யும் ஜாலங்களுக்கும் நீண்ட மரபு உண்டு. அவற்றில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. 1984-இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய டிரைஸ்டோன் சோதனையின் விடைகளை யாரும் பயன்படுத்துவதில்லை என்று மோப்பம் பிடித்த கம்பைலர்கள் அதன் துண்டுகளை அப்படியே நீக்கிவிட்டன. செய்யாத வேலைக்கு நேரம் ஆகாதல்லவா. வேகச் சோதனைகளைத் தொகுத்து வெளியிடும் ஸ்பெக் அமைப்பின் முதல் தொகுப்பில் இருந்த மேட்ரிக்ஸ்300 என்ற சோதனையைக் கம்பைலர்கள் பல மடங்கு வேகத்தில் முடிக்கத் தொடங்கியதும் அடுத்த தொகுப்பில் அது கழற்றிவிடப்பட்டது. கூகுளின் வி8 குழு தான் வளர்த்த ஆக்டேன் சோதனையைத் தானே 2017-இல் ஓய்வுக்கு அனுப்பியது; ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்கள் இணையதளங்களுக்காக அல்லாமல் ஆக்டேனுக்காகவே உழைக்கத் தொடங்கியிருந்தன. 2024-இல் ஸ்பெக் அமைப்பு, இன்டெல் கம்பைலரின் ஒரு மேம்பாடு ஒரு குறிப்பிட்ட சோதனையின் நிரலை முன்கூட்டியே அறிந்துகொண்டு செய்தது என்று தீர்மானித்து, 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளின் மேல் அந்தக் குறிப்பை ஒட்டியது. கேள்வித்தாள் கசிந்த தேர்வுக்கு நடப்பதுதான் இது.

இவ்வளவு தொல்லை எதற்கு, கடிகாரத்தையே விட்டுவிடலாமே என்று முடிவு செய்தவர்களும் இருக்கிறார்கள். சிப் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றியது என்று எண்ணினால் போதும். அந்த எண்ணிக்கை சூட்டுக்கும் டர்போவுக்கும் பெரிதாக அசையாது. எஸ்கியூலைட் தரவுத்தளத்தை எழுதுகிறவர்கள் கேஷ்கிரைண்ட் என்ற கருவியால் இப்படி எண்ணித்தான் வேகம் கூட்டினார்கள்: ஒவ்வொன்றும் அரைக்கால் சதவீதம் பெறாத நூற்றுக்கணக்கான சின்னத் திருத்தங்கள், சேர்ந்தபோது பெரிய லாபம். கடிகாரத்தில் அவற்றில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ரஸ்ட் கம்பைலர் குழுவும் தன் தினசரிக் கண்காணிப்பில் கட்டளை எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்கிறது.

ஆனால் எண்ணிக்கைக்கு ஊகப் பிழை தெரியாது. கொட்டிய டீயும் குடித்த டீயும் அதற்கு ஒன்று. ஒரு இன்டர்பிரட்டரில் தாவல்களைக் குவித்தாலும் பிரித்தாலும் கட்டளைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்க, நேரம் மட்டும் மாறலாம். ஆகவே கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, சிப்புக்குள்ளேயே இருக்கும் கவுன்ட்டர்களையும் பெர்ஃப் போன்ற கருவிகளால் படித்து, இரண்டு கதைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கவுன்ட்டர் ஒன்று சொல்லி, கடிகாரம் வேறு சொன்னால், அன்று இரவு வீட்டுக்குப் போகத் தாமதமாகும்.

பைத்தான் 3.14 2025 அக்டோபரில் வெளியானது. டெயில் கால் இன்டர்பிரட்டர் விரும்புகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளும் வசதியாக அதில் இருக்கிறது. டிசம்பரில் கென் ஜின் மறுபடி எழுதினார். தன் மன்னிப்பில் ஒரு பகுதியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தார். ஆப்பிள் கணினிகளில் எக்ஸ்கோடு கம்பைலரோடு சுமார் 5 சதவீதம், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரின் ஒரு சோதனைப் பதிப்போடு சுமார் 15 சதவீதம். மார்ச்சில் கைவிட்டுப் போன அதே 15.

இந்தத் தடவை ‘எதைவிட’ என்பது எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கம்ப்யூட்டட் கோட்டூ வசதியே இல்லை. அதனால் விண்டோஸில் பைத்தான் இத்தனை ஆண்டுகளும் சுவிட்ச் முறையிலேயே, டோக்கன் மேசையோடேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பிட்டது அதோடுதான். வேகத்துக்கு அவர் ஊகித்த காரணமும் தாவல் அல்ல. பன்னிரண்டாயிரம் வரிகள் கொண்ட ஒற்றை ஃபங்ஷனைப் பார்த்து மிரண்ட கம்பைலர், இரண்டு மூன்று கட்டளைகளே உள்ள குட்டி ஃபங்ஷன்களைக்கூட அந்தந்த இடத்தில் விரித்து எழுத மறுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. டெயில் காலுக்காக அந்தப் பெரிய ஃபங்ஷனைத் துண்டுபோட்டதும், கேட்காமலே விரிக்க ஆரம்பித்துவிட்டது.